ஆலையை வீடாக்குவோரும் ஆலையில் வாழ்ந்தோரும்

பிரித்தானியாவின் நாட்டுப்புறத்து ஆற்றங்கரைகளில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ஆலைகள் பல, வீடுகளாக மாற்றப்பட்டுள்ளன. நூற்புப் பொறிகள் நின்ற மாடிகள் படுக்கையறைகளாகிவிட்டன. இம்மாற்றத்தைப் புகழ்ந்தெழுதுவோர் வரிசை வரிசையான யன்னல்களையும், வார்ப்பிரும்புத் தூண்களையும், எண்ணெய் ஊறிய மரத்தளத்தையும் பற்றி நிறையவே கூறுகின்றனர். இடித்தெறிவதிலும் காப்பது நன்று என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயின், முன்னர் வெறும் வேலைத்தலமாயிருந்த ஆலை இப்போதுதான் மனிதர் வாழும் இடமாகியது என்ற பாவனை அவ்வெழுத்துக்களில் இழையோடுகின்றது. வரலாறு இதற்கு நேர்மாறானது.

நீராவி பரவுமுன் ஆலையை இயக்கியது ஆற்றுநீரின் வீழ்ச்சி. நீர் விழும் இடத்தில் எப்போதும் ஊர் இருப்பதில்லை. ஆகவே ஆலையதிபர் தொழிலாளரை வெளியிலிருந்து கொணர்ந்து, அவர்களுக்கு உறைவிடமும் அமைக்க வேண்டியிருந்தது. ஸ்கொத்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் டேவிட் டேல் என்பார் 1785 இல் ஆக்றைற்றுடன் கூடி நிறுவிய நியூ லனாக் இத்தகையது. அதன் நான்காவது ஆலைக் கட்டடத்தில் ஒரு காலம் பெற்றோரற்ற 275 பிள்ளைகள் தங்கவைக்கப்பட்டிருந்தனர். ஆலையை வீடாக்கும் 'புதுமை' அங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்துவிட்டது! 1784 இல் ஸ்டையலில் சாமுவேல் கிறெக் எழுப்பிய குவாறி பாங் ஆலையிலும், ஏழைகள் விடுதிகளிலிருந்து தருவிக்கப்பட்ட சிறுவர்க்கெனத் தனி இல்லம் ஒன்றிருந்தது. இதே கிறெக் டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டத்துக்கும் உடைமையாளர். ஆலையின் அழகிய செங்கற் சுவரைப் பார்ப்போர் இதனையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

இனி, புகழப்படும் அழகுக் கூறுகளை நோக்குவோம். ஆலையின் யன்னல்கள் அத்தனையாய் அமைந்தது ஆற்றின் எழிலைக் காட்டுவதற்கன்று. இழை அறுந்தாற் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பகலொளி உள்ளவரை வேலை நடக்க வேண்டும். வார்ப்பிரும்புத் தூண்கள் பொறிகளின் பாரத்தைத் தாங்கவும் தீயின் அச்சத்தைக் குறைக்கவும் வந்தவை. தடுப்புச் சுவரற்ற நீண்ட மண்டபம், ஒரே சுழற்றண்டு எல்லாப் பொறிகளையும் இயக்கவும் ஒரே கண்காணியின் பார்வை எல்லாரிலும் படவும் உதவியது. வடிவம் ஒவ்வொன்றும் உழைப்பின் ஒழுங்கிலிருந்து பிறந்தது. அவ்வுழைப்பைத் துடைத்தழித்துவிட்டு வடிவத்தை மாத்திரம் இரசிப்பது, உரிப்பொருளை மறந்து கருப்பொருளைப் பட்டியலிடும் உரையாசிரியன் செயலை ஒக்கும்.

வீடு என்பது சுவரா, உறவா? ஜோர்ஜ் எலியட் 1860 இல் வெளியிட்ட 'புளொஸ் நதிக்கரை ஆலை' என்னும் நாவல் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றது. டல்லிவர் குடும்பத்துக்கு ஆலையும் இல்லமும் ஒன்றே. வழக்கிற் தோற்று அவர் நொடித்தபின், பகைவனான வழக்கறிஞன் வேக்கெம் ஆலையை வாங்குகிறான். டல்லிவரோ அதே வீட்டில், அதே அடுப்பங்கரையில், அவனது கூலியாளாய்த் தொடர்ந்து வாழ்கிறார். ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் அவர் வீடிழந்தவர். இதை இத்துணை நுட்பமாய் உணர்த்திய நாவல்கள் மிகச் சிலவே என்பது நமது துணிபு.

இந்த அளவுகோலைக் கொண்டே நியூ லனாக்கையும் மதிப்பிடலாம். 1800 இல் அதன் நிருவாகத்தை ஏற்ற றொபேட் ஓவன் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்த மறுத்தார், பாடசாலை அமைத்தார், 1816 இல் பண்பாட்டு நிலையமொன்றைத் திறந்தார். எனினும் தொழிலாளி ஒவ்வொருவர் அருகிலும் நாலு நிறக் கட்டையொன்றைத் தொங்கவிட்டு, அவரது நடத்தையை நிறத்தாற் காட்டச் செய்தவரும் அவரே. ஊரும் வீடும் உடைமையாளர் கையிலேயே இருந்தன. நல்ல எசமான் எசமானே.

பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தை 1877 இல் தோற்றுவித்தவர் வில்லியம் மொறிஸ். அச்சங்கத்தில் 1931 இல் காற்றாலைகளுக்கெனப் பிரிவொன்றும் உருவாயிற்று. ஆனால் மொறிஸ் கட்டடக் காவலர் மட்டுமல்லர், சோஷலிஸவாதி. தோட்டங்கள் சூழ, நூலகமும் பாடசாலையும் கொண்டு, குறைந்த நேரமே உழைக்கும் தொழிற்சாலையொன்றை 1884 இல் எழுதிய கட்டுரைகளில் அவர் கற்பனை செய்தார். அவரது பெயரால் ஆலைகளைப் போற்றுவோரிற் பலர் முதலாவது மொறிஸை ஏற்று, இரண்டாமவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றனர்.

நியூ லனாக்கின் பிற்காலம் நமக்கு ஓரளவு ஆறுதலளிப்பது. ஆலை மூடப்படுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1963 இல், தொழிலாளர் வரிசை வீடுகளைச் சீர்திருத்தவென ஒரு சங்கம் அமைந்தது. 1968 இல் ஆலை நின்றது. பின்னர் உலோகம் பிரித்தெடுக்கும் நிறுவனமொன்றின் கைக்குச் சென்ற கட்டடங்கள் சிதைந்தன. 1983 இல் கட்டாயக் கொள்வனவு ஆணையினாலேயே அவை மீட்கப்பட்டன. தனியார் சந்தை தானாக இதனைச் செய்திராது. முதலாம் ஆலை 1998 இல் ஹோட்டலாயிற்று; 2001 இல் ஊர் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வரிசை வீடுகளிலோ வாடகைக் குடிகளும் சொந்த வீட்டுக்காரரும் வாழ்கின்றனர். அது காட்சிச்சாலையாக முற்றிலும் உறைந்துவிடாமைக்கு இவர்களே காரணம்.

இதே பிரித்தானிய மூலதனம் நமது மலைநாட்டிலும் ஆலைகளை எழுப்பியது. அவற்றின் அருகே தமிழ்த் தொழிலாளர்க்கு லயங்களையும் எழுப்பியது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாயின. வேலைப்பாடு செம்மையானது; அதனை நாம் மறுக்கவில்லை. நியூ லனாக்கில் முதலிற் செப்பனிடப்பட்டவை தொழிலாளர் வீடுகள், ஆலை பின்னர். மலையகத்திலோ தொழிற்சாலை விடுதியாகிப் பல ஆண்டுகள் கழிந்தபின்னும், பல்லாயிரம் குடும்பங்கள் துரைமார் காலத்து லயக் காம்பிராக்களிலேயே, தமக்கென ஒரு பேர்ச் நிலத்துக்கும் உறுதியின்றி வாழ்கின்றன.