மேடையில் ஒரு லிங்கன்

ராபர்ட் ஷெர்வுட்டின் 'இல்லினாயில் ஏப் லிங்கன்' 1938-ல் மேடையேறி, புலிட்ஸர் பரிசும் பெற்ற நாடகம். நல்ல நாடகம்தான். ஆனால் அதில் வரும் லிங்கனோடு எனக்குச் சண்டை உண்டு. பதவியே வேண்டாமென்கிற சாது அவர். நண்பர்களும் மனைவியும் பிடித்துத் தள்ளத் தள்ள மேலே போகிறார்.

நிஜ லிங்கன் 1832-ல், இருபத்து மூன்று வயதில், தாமாகவே இல்லினாய் சட்டசபைக்கு நின்று தோற்றவர். 1834 முதல் வரிசையாக நாலு தடவை ஜயித்தார். 1840-ல் கோரம் சேரவிடாமல் தடுக்க ஜன்னல் வழியே குதித்தார். சாது செய்கிற காரியமா இது?

ஸெனட்டர்களைச் சட்டசபையே தேர்ந்தெடுத்த காலம் அது. அங்கத்தினர்கள் நிற்கக் கூடாது. 1854-ல் மறுபடி கிடைத்த ஸ்தானத்தை லிங்கன் இதற்காகவே உதறினார். 1855 பிப்ரவரியில் முதல் சுற்றில் அவருக்கு 40-க்கு மேல் வோட்டு, டிரம்புலுக்கு 5. சுற்றுக்குச் சுற்று லிங்கனின் வோட்டு கரைந்தது. டக்ளஸ் கட்சிக் கவர்னர் மாட்டிஸன் முந்தினார். அடிமை முறைக்குப் புதுப் பிரதேசங்களில் வழிதிறந்த டக்ளஸின் சட்டத்தை டிரம்புல் எதிர்த்தவர். தம்மிடம் மிஞ்சியவர்களை அவருக்கே போடச் சொன்னார் லிங்கன். டிரம்புல் ஸெனட்டரானார்.

ஆசையில்லாதவன் விட்டுக்கொடுத்தால் அதில் என்ன கதை? இவருக்கோ உயிரே அதில் இருந்தது. டக்ளஸுடன் 1858-ல் நடந்த வாதத்துக்கு முழுக் காட்சி ஒதுக்கிய ஷெர்வுட், இந்த வோட்டெடுப்பை நாடகத்தில் சேர்க்கவேயில்லை.