ஏழுக்குப் பின் வரும் ஓராண்டு

விவிலியக் கதைகளில் வரும் எண்களுக்கு உட்பொருள் காண்போர் ஒரு பட்டியலைக் கைவசம் வைத்திருப்பர். ஏழு நிறைவு, நாற்பது சோதனை, பன்னிரண்டு தெரிந்தெடுக்கப்பட்ட சமுதாயம். நம் மிம்பர்களிலும் இப்பட்டியல் இன்று ஒலிக்கிறது. இது முற்றிலும் பிழையன்று. பிரளயத்தின் நாற்பது நாள்களையும் வனாந்தரத்தின் நாற்பது ஆண்டுகளையும் மூஸா நபி (அலை) மலையில் தங்கிய நாற்பது இரவுகளையும் அடுத்தடுத்து நோக்குவோர்க்கு அவ்வெண் வெறும் அளவன்று என்பது விளங்கும். ஆயினும், பட்டியல் முன்னும் கதை பின்னுமாகச் செல்லுமிடத்துக் கதையின் உயிர்ப்பகுதி நழுவிவிடுகிறது. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

கொழுத்த பசுக்கள் ஏழு, மெலிந்தவை ஏழு. பசுங்கதிர்கள் ஏழு, உலர்ந்தவை ஏழு. ஏழு நிறைவு என்றால் ஏழாண்டுப் பஞ்சம் எதன் நிறைவு? பசியின் நிறைவு என்று சமாளிப்போர் உளர். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயியிடம் இவ்விளக்கம் செல்லாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது ஏழாண்டில் பாதிகூட இல்லை. வானம் பார்த்த பூமியில் ஏழு என்பது முதலில் ஒரு கணக்கு. எத்தனை ஆண்டு விளைச்சல், எத்தனை ஆண்டு உணவு, விதைக்கு எவ்வளவு என்பதே அங்கு எழும் கேள்வி.

ஆதியாகமம் (41) விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொல்கிறது. அல்குர்ஆன் (12:47) பங்கு எதையும் குறிப்பிடவில்லை. உண்பதற்குரிய சிறிதளவு போக, எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்கும் வழியைக் கூறுகிறது. விதைச் சோளத்தைக் கதிரோடு கட்டித் தொங்கவிட்டோர்க்கு இதன் அருமை தெரியும். உமி காக்கும், உதிர்த்த மணியை வண்டு துளைக்கும்.

அடுத்து வருவதே முக்கியமானது. ஏழும் ஏழும் பதினான்கு. கனவில் பதினைந்தாவது ஏதும் இல்லை. ஆதியாகமத்தின் கனவு விளக்கத்திலும் இல்லை. அல்குர்ஆனோ (12:49) அதன்பின் ஓர் ஆண்டு வரும் என்கிறது. மக்கள் அதில் 'யுகாஸு' செய்யப்படுவர், பிழிந்தெடுப்பர். இச்சொல்லுக்கு 'கைஸ்' (மழை), 'கௌஸ்' (உதவி) என இரு வேர்களையும் முஃபஸ்ஸிர்கள் காட்டுவர். எகிப்து நைல் பெருக்கால் வாழும் நாடாயிற்றே, மழை எங்ஙனம் பொருந்தும் என்பது சிலரின் தடை. நைல் பெருகுவதே தெற்கிலுள்ள மலைநாட்டின் மழையால்தான். மேற்கு மலைச்சாரலில் பெய்தது குண்டாற்றில் இறங்கித் திருச்சுழிக்கு வந்துசேரக் காண்போர்க்கு மழையும் உதவியும் இரண்டல்ல. பிழிவனவற்றுள் திராட்சை, ஒலிவத்துடன் எள்ளையும் முன்னோர் எண்ணியுள்ளனர். செக்கு மீண்டும் சுழலும் ஆண்டு அது! நிறைவு என்னும் பொருளை ஏழின்மேல் ஏற்றியோர் இந்த ஆண்டைக் கண்டுகொள்வதே இல்லை. பட்டியலில் அதற்கு எண் கிடையாது.

நாற்பதைப் பற்றி ஒரு சொல். இமாம் நவவியின் 'அர்பஈன்' என்னும் தொகுப்பில் உள்ள நபிமொழிகள் 42. திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமணரின் 'உள்ளது நாற்பது' மங்கலப் பாடல் இரண்டும் சேர 42. இவ்விரு மரபினரும் எண்ணின் கௌரவத்திற்காக ஒன்றையும் வெட்டவில்லை. ரஷாத் கலீஃபா வெட்டினார். அல்குர்ஆன் முழுதும் பத்தொன்பதில் அடங்கும் என்று கணக்கிட்ட அவர், கணக்கு இடித்தபோது 1980களில் அத்தவ்பா அத்தியாயத்தின் இறுதி இரு வசனங்களையே (9:128, 129) பிற்சேர்க்கை என்று தள்ளினார். எண் மோகத்தின் எல்லை இதுவெனில், மிம்பரில் ஒலிக்கும் பட்டியலையும் சற்று எச்சரிக்கையுடனேயே கேட்க வேண்டியிருக்கிறது.

குகைவாசிகளைக் கிறித்தவ மரபு எழுவர் என்று வழங்கும். அல்குர்ஆன் (18:22) மூவர், ஐவர், எழுவர் என்னும் மூன்று கூற்றுகளையும் எடுத்துரைத்து, எண்ணிக்கையை இறைவனின் அறிவிற்கே விட்டுவிடுகிறது. ஏழே சரியென்று அவ்வசனத்தின் நடையிலிருந்து உய்த்துணர்ந்த முஃபஸ்ஸிர்களும் உண்டு. ஆனால் மூன்று கூற்றுகளிலும் அவர்களுடைய நாய் தவறாமல் எண்ணப்பட்டுள்ளது. ஏழின் மகத்துவம் பேசுவோர் அந்த நாயைக் குகை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகின்றனர்.