புது மெயில் மோகமும் பழைய முகவரியும்

2025 அக்டோபர் 8 அன்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, தான் ஜோஹோ மெயிலுக்கு மாறிவிட்டதாக எக்ஸ் தளத்தில் அறிவித்தார். இனி கடிதங்களைப் புதிய முகவரிக்கு அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அதே மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. மத்திய அரசு ஊழியர்கள் உட்பட சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள், தேசியத் தகவல் மையத்தின் அமைப்பிலிருந்து ஜோஹோ உருவாக்கிய தளத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. முதல் செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. இரண்டாவதைப் பலர் தலைப்போடு கடந்திருப்பார்கள். ஆனால் புதிதாக வரும் மெயில் சேவைகளில் எல்லாம் சேர்ந்து பார்க்கும் பழக்கத்தை எடைபோட நினைப்பவருக்கு இரண்டாவது செய்திதான் அதிகம் உதவும்.

அந்தப் பழக்கம் புதிதல்ல. ரெடிஃப், யாகூ, ஜிமெயில், அவுட்லுக், புரோட்டான், டூட்டா, ஹே, இப்போது ஜோஹோ என்று எது வந்தாலும் முதல் வாரத்திலேயே ஓர் ஐடி போட்டுவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. தேனி மாவட்டத்துக்காரருக்கு ஜோஹோவில் கூடுதலாக ஓர் ஈர்ப்பு: அந்த நிறுவனத்தின் தென்காசி அலுவலகம் இருக்கும் மத்தளம்பாறையும் கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்தான். இன்னொரு காரணம் எல்லோருக்கும் பொது. ஜிமெயிலில் முருகன் என்றோ கணேசன் என்றோ ஐடி கேட்டால், பின்னால் நாலைந்து எண்களை ஒட்டிக்கொள்ளாமல் கிடைக்காது. புதுக் கடை திறந்த அன்றைக்குப் போனால் வெறும் பெயரே கிடைக்கும்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது ஹாட்மெயில் தந்த இலவச இடம் 2 எம்பி, யாகூ தந்தது 4 எம்பி. இரண்டு மூன்று புகைப்படங்கள் வந்தாலே பெட்டி நிரம்பி, அடுத்த கடிதம் திரும்பிப் போய்விடும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள், முதல் பத்து நிமிடத்தைப் பழைய மெயில்களை அழிப்பதிலேயே கழித்த காலம் அது. ஜிமெயில் 1 ஜிபி தந்தது. ஆனால் அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். அந்த அழைப்புகளைச் சிலர் இபேயில் விலைக்குக்கூட விற்றார்கள். ஆர்வலர்கள் அந்தப் பக்கம் சாய்வதைக் கண்ட யாகூ, மூன்று மாதத்துக்குள் தன் இலவச இடத்தை 100 எம்பியாக உயர்த்தியது. மாறிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களால் மாறாமல் இருந்தவர்களுக்கும் இடம் கிடைத்தது.

வசதிகளின் கதையும் அப்படியே. கூகுள் 2014-இல் இன்பாக்ஸ் என்ற தனிச் செயலியை வெளியிட்டது. ஒரு மெயிலை 'இப்போது வேண்டாம், திங்கட்கிழமை காட்டு' என்று ஒத்திவைக்கும் வசதி அதன் பயனர்களுக்குப் பிடித்துப்போனது. 2018-இல் அந்த வசதி ஜிமெயிலுக்கே வந்தது. 2019 ஏப்ரலில் இன்பாக்ஸ் மூடப்பட்டது. பரீட்சை எழுதியவர்கள் ஒரு சிறு கூட்டம். அதன் பலன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஹே சேவை 2020-இல் கொண்டுவந்த யோசனையும் இந்த வகைதான். முதல்முறையாக எழுதும் ஒருவருடைய மெயில் நேரே உள்ளே வராது, வாசலில் நிற்கும். அவரை அனுமதிப்பதா வேண்டாமா என்று பெட்டிக்குச் சொந்தக்காரர் முடிவு செய்வார். விளம்பர மெயில்களால் நொந்துபோனவருக்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்று தெரிவதே லாபம்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் மெயில் எழுதியவர்களுக்கு, அனுப்புபவரிடம் இருக்கும் எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. இல்லாவிட்டால் திரையில் புரியாத எழுத்துகளும் குறிகளும்தான் வரும். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்த படியாக, முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ளும் வசதியை ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்று 2016-இல் டேட்டாமெயில் என்ற பெயரில் கொண்டுவந்தது. இத்தகைய முகவரிகளுக்கு மெயில் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் ஜிமெயில் 2014-லேயே தயாராகிவிட்டது. ஆனால் தமிழ் முகவரியை ஒரு விண்ணப்பப் படிவத்தில் தட்டிப் பார்த்தால் 'செல்லாத முகவரி' என்று சிவப்பு எழுத்தில் பதில் வருவது இன்றும் வழக்கம். சேவை தயாராக இருந்தும் சுற்றியுள்ள உலகம் தயாராகவில்லை என்பதை, முயன்று பார்த்தவர்களால்தான் சொல்ல முடிந்தது.

அந்தரங்கம் காக்கும் சேவைகளில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா ஆகியவை பெட்டியில் கிடக்கும் கடிதங்களைத் தாங்களே படிக்க முடியாதபடி பூட்டி வைப்பவை. ஜோஹோ விளம்பரம் காட்டுவதில்லை; ஆனால் எல்லாக் கடிதத்துக்கும் அந்த அளவுப் பூட்டு அதில் கிடையாது. ஒரு சேவை தரும் வாக்குறுதி எதுவரை செல்லும் என்பது பயன்படுத்திப் பார்த்துக் கேள்வி கேட்பவருக்கே விளங்கும். மறுபக்கம், சேவையின் தலைவிதி பயனரின் கையில் இல்லை. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில்கள் வந்தன. அவை புரோட்டான் மெயில் வழியாக வந்தவை என்பதால் அந்தச் சேவையையே முடக்கும்படி தமிழ்நாடு காவல்துறை கேட்டது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்ட பின் அப்போதைக்கு முடக்கம் தவிர்ந்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், புரோட்டான் மெயிலை முடக்க நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மிரட்டல் விடுத்தவர் யாரோ. பதற்றப்பட வேண்டியவர், தன் வங்கிக் கணக்கை அந்த முகவரியோடு இணைத்து வைத்திருக்கும் அப்பாவி ஆர்வலர்.

இங்குதான் இந்தப் பழக்கத்தின் உண்மையான பலவீனம் தெரிகிறது. 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடிகிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அட் குறிக்குப் பின்னால் இருக்கும் பெயர் நிறுவனத்துக்குச் சொந்தம். அதனால் இலவச ஐடியில் இருப்பவர் சேவையை மாற்றினால் முகவரியையும் மாற்றித்தான் ஆக வேண்டும். புதுப் பெட்டியைத் திறக்க இரண்டு நிமிடம் போதும். பழைய முகவரியை எங்கெங்கே கொடுத்தோம் என்று தேடி மாற்ற இரண்டு வருடம்கூட ஆகலாம்.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் அரை மணி நேரம் நின்றால் இது கண்முன் நடக்கும். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கு மெயில் ஐடி வேண்டும். நீட் விண்ணப்பத்துக்கும் வேண்டும். ஐடி இல்லாமல் வரும் பிள்ளைக்குக் கடைக்காரரே ஒன்றைத் திறந்து, பாஸ்வேர்டை விண்ணப்ப நகலின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். அடுத்த வருடம் அந்தத் தாள் இருக்காது. போன் எண்ணும் மாறியிருக்கும். ஓடிபி யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும். அவசரத்தில் ஐடி போட்டவருக்கும் ஆசையில் ஐடி போட்டவருக்கும் முடிவில் கிடைப்பது ஒன்றுதான்: திறக்க முடியாத ஒரு கணக்கு.

வியாபாரிகளிடம் இதன் வேறு வடிவம் இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் 2007-இல் வந்தது. கணினிக்கு வேறு பல ஊர்களைவிட முன்னதாகவே பழகிய சந்தை அது. ஆனாலும் ஜிஎஸ்டி பதிவின்போது கடையின் ஐடிக்குப் பதில் கணக்கு எழுதுபவரின் ஐடியைக் கொடுத்துவிட்டவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. கணக்கர் மாறினால் ஓடிபி பழைய கணக்கருக்கே போகும். அதைத் திருத்த வரி அலுவலகத்துக்கு ஆவணங்களோடு நடக்க வேண்டும். வட மாநில வாங்குபவர்கள் பத்து, பதினைந்து வருடமாக எழுதிவரும் முகவரி விசிட்டிங் கார்டில் ரெடிஃப் என்று இருந்தால், அதைப் பழமை என்று சிரிக்கத் தேவையில்லை. மாறாத முகவரி என்பது வியாபாரத்தில் ஒரு சொத்து.

கைவிட்ட கணக்குகள் சும்மா கிடப்பதும் இல்லை. இந்தியாடைம்ஸ் தன் மெயில் சேவையை 2013 பிப்ரவரியில் மூடியது. அந்த ஐடி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் முகவரி இழந்தார்கள். அதே ஆண்டு யாகூ, நெடுநாள் பயன்படுத்தாத ஐடிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. புதிதாகப் பெற்றவர்களில் சிலருக்கு முந்தைய உரிமையாளரின் சொந்த விவரங்கள் அடங்கிய மெயில்கள் வந்து விழுந்தன. இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆசைக்கு ஐடி திறந்து, அதையே இன்னொரு கணக்கின் மீட்பு முகவரியாகவும் கொடுத்துவிட்டு மறந்தவர், தன் பெட்டிக்குத் தானே இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

இப்போது அந்த 12 லட்சம் கணக்குகளைப் பார்க்கலாம். 2023-இல் ஜோஹோவுக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. பெட்டிகள் புது இடத்துக்குப் போயின. ஆனால் எந்த ஊழியரும் 'இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள்' என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகவரியின் முடிவில் இருந்த என்ஐசி, ஜிஓவி டொமைன்கள் அரசிடமே இருந்தன. ஒப்பந்தம் முடிந்து நாளை வேறு நிறுவனம் வந்தாலும் முகவரி அப்படியே இருக்கும். அமைச்சர் எடுத்துக்கொண்ட புது ஐடியோ ஜோஹோவின் சொந்த டொமைனில் இருந்தது. அதனால்தான் அதை அறிவிக்க வேண்டியிருந்தது. நிறுவனம் ஒன்றுதான், செய்தி வந்த மாதமும் ஒன்றுதான். ஒன்றில் சேவை மட்டும் மாறியது, மற்றதில் முகவரியும் சேர்ந்து மாறியது.

அரசு செய்ததைச் சிறிய அளவில் தனிநபரும் செய்யலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்கு டாட் இன் டொமைன் ஒன்று கிடைக்கும். அதை வாங்கிய தளத்தில் டிஎன்எஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் எம்எக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். இந்த முகவரிக்கு வரும் கடிதத்தை எந்தச் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் வரி. பழைய சேவையின் பெயரை அழித்து, புதிய சேவை கொடுக்கும் பெயரை எழுதிச் சேமித்தால் போதும். சில நிமிடங்களிலிருந்து ஒரு நாளுக்குள் கடிதங்கள் புது இடத்தில் வரத் தொடங்கும். எழுதுபவருக்கு எதுவும் தெரியாது. இந்த மாதம் ஜோஹோ, அடுத்த மாதம் புரோட்டான் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் மாறிப் பார்க்கலாம்.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் அதை யாராவது வாங்கிவிடலாம். பெட்டியோடு சேர்த்து அடையாளமும் போய்விடும். புது டொமைனிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சேவைகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை இறுக்கின. எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற சான்று வரிகளைச் சரியாக எழுதாதவரின் விலைப்பட்டியல் வாங்குபவரின் ஸ்பேமில் கிடக்கும். பெரிய நிறுவனமே டொமைனால் அடிபட்டதும் உண்டு. 2018 செப்டம்பரில் ஃபிஷிங் புகார்களைக் காட்டி ஜோஹோவின் டொமைனைப் பதிவு நிறுவனம் முடக்கியது. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவிக்க, அப்போதைய நிறுவனத் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று.

வெளியேறும் வழியை முதலில் பார்ப்பவர்கள் ஆர்வலர்களில் குறைவு. சொந்த டொமைனோடு ஜோஹோவின் இலவசத் திட்டத்தை எடுத்தால் ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி கிடைக்கும். சிறு கடைக்கு அது தாராளம். ஆனால் ஐமேப் வசதி, அதாவது வேறு செயலியில் மெயிலைத் திறக்கவும் மொத்தமாக நகலெடுக்கவும் உதவும் வழி, கட்டணத் திட்டத்தில்தான் வரும். பிடிக்கவில்லை என்று கிளம்பும் நாளில் அது பெரிதாகத் தெரியும். தோற்றம் அழகா, நிறம் கண்ணுக்கு இதமா என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லும் மதிப்புரைகளில் பல இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

ஆகவே சோதித்துப் பார்ப்பதில் குற்றம் காண எதுவும் இல்லை. எதை வைத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். வங்கி, ஆதார், ஜிஎஸ்டி, தேர்வுப் பதிவு ஆகியவற்றுக்கான முகவரி சோதனைப் பொருளாகக் கூடாது. சோதனைக்குத் தனி ஐடி வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் அதை விட்டுவிட்டு வராமல் முறையாக மூட வேண்டும். ஊரில் நாலு பேருக்கு மெயில் திறந்து கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவர் என்றால், அந்தத் திறமைக்கு இன்னும் நல்ல இடம் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நம்பித் தேடிவரும் வாங்குபவருக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கொடுக்கும் முகவரி, அங்கே வேலை பார்க்கும் பையனின் சொந்த ஐடியாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரில் டொமைன், புதுப்பிக்கும் தேதி கணக்குப் புத்தகத்தில், பாஸ்வேர்டு இரண்டு நிர்வாகிகளிடம் என்று ஏற்பாடு செய்துவிட்டால், ஆர்வலர் வருடத்துக்கு ஒரு சேவையாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெங்களூரு வியாபாரி பழைய முகவரிக்கே ஆர்டர் அனுப்பிக்கொண்டிருப்பார்.