கடாரத்து வாளும் கடல் கடந்த உருக்கும்

பள்ளி விழா மேடைகளில் பண்டைத் தமிழர் வாணிகம் பேசப்படும்போது, உரோமர்க்கும் அராபியர்க்கும் வாள் விற்றவன் தமிழனே என்னும் முழக்கம் தவறாது எழுகின்றது. கைதட்டலும் கிடைக்கின்றது. ஆயின் கப்பலேறியது வாளா, வாளுக்குரிய உருக்கா என்று வினவுவார் அரியர்.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ், இந்திய இரும்பும் உருக்கும் செங்கடல் துறைகளுக்குச் சென்றமையைக் கூறுகின்றது. ஆனால், அவை ஏறிய இடமாக அது சுட்டுவது மேலைக் கரையின் வடபகுதியாகிய அரியகத்தையே. முசிறியின் ஏற்றுமதிப் பட்டியலில் மிளகும் முத்தும் தந்தமும் உள; இரும்பு இல்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் உருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமை மெய்யே. எனினும் உலை இருந்தது என்பது ஒன்று. அவ்வுருக்கு உரோமாபுரி சேர்ந்தது என்பது மற்றொன்று. பதிற்றுப்பத்துங்கூடக் கொடுமணத்தை அணிகலனுக்காகவே புகழ்கின்றது!

அராபியர் செய்தி இதனினும் தெளிவானது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள் வகைகளைப் பற்றித் தனி நூல் செய்த அல் கிந்தி, சரந்தீப உருக்கைக் கொண்டு பிற நாடுகளில் வடித்த வாள்களையும் வகைப்படுத்துகின்றார். சரந்தீபமாவது இலங்கை. அங்கே சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகள் ஏழு முதல் பதினொன்றாம் நூற்றாண்டு வரையின எனக் கண்டுள்ளனர். ஆகவே, உருக்கு கீழ்த்திசையது. அதனை வாளாக்கிய கொல்லர் பலர் மேலைநாட்டினர். ஆயினும் அராபியர் சிறந்த வாளை ‘முகன்னத்’ என, இந்தியப் பெயராலேயே அழைத்தனர். அயல்நாட்டுச் சந்தையில் நம் சரக்கு பெற்ற மதிப்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ? இதனை விடுத்து இல்லாத வாளை ஏன் ஏற்றவேண்டும்? முழக்கம் பொய்யெனப் பின்னாளில் அறியும் மாணவன், உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடுவான்.

பினாங்கு வாசகர்க்கு அண்மையதொரு சான்றும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் அபூ துலஃப், ‘கலா’ என்னும் ஊரில் செய்யப்படும் வாள்களே உண்மையான இந்திய வாள்கள் என எழுதினார். கலா என்பது கடாரமே, அதாவது இன்றைய கெடாவே, என்பர் பலர். இன்னும் வடக்கே வைப்பர் சிலர். அபூ துலஃபின் பயணக்கதைகளோ முழுதும் நம்பத்தக்கன அல்ல. எனவே இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளல் ஆகாது.

ஜெராய் மலைக்குத் தெற்கே சுங்கை பத்துவில், 2009 முதல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடத்தில் உலைகளும் கசடுகளும் துருத்திக் குழல்களும் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றின் தொன்மை குறித்து ஆய்வாளர் உடன்பட்டிலர். கசடு இரும்பு உருக்கியதைக் காட்டும். வாள் வடித்ததைக் காட்டாது. பட்டினப்பாலையின் காழகத்தைக் கடாரம் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். அங்கிருந்து வந்தது ஆக்கம் என்றே பாட்டு சொல்கின்றது. அவ்வாக்கம் இரும்பே என்று இப்போது மேடையில் உரை காண்போர், உருத்திரங்கண்ணனாரையே திருத்துகின்றனர்.