நடுவில் ஓடும் நீல ஆறு: லைவ் எட்ஜ் மேசைகளும் ரசனையும்

போன வருஷம் கோவையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, புதுசா வாங்கின சாப்பாட்டு மேசையைக் காட்டினார். எட்டடி நீளம். இரண்டு பக்கமும் மரம், நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீல நிற எபாக்சி. கீழே கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்புக் கால். "எப்படிப்பா இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு மாமா" என்றேன்.

பொய்தான். ஆனால் ஏன் நல்லா இல்லை என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. "ரொம்பப் பளபளன்னு இருக்கு" என்பது காரணம் ஆகாது. பளபளப்பு பிடிக்காது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நம் படிப்பையும் பழக்கத்தையும் பற்றித்தான் சொல்கிறோம், பொருளைப் பற்றி அல்ல. ரிட்டயர்மெண்ட் பணத்தில் ஆசைப்பட்டு ஒருவர் வாங்கியதை, மேட்டிமைத்தனம் கொஞ்சமும் இல்லாமல், காரணம் காட்டி மோசம் என்று சொல்ல முடியுமா? அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் படித்ததும் யோசித்ததும்தான் இது.

முதலில் லைவ் எட்ஜ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுத்துவிட்டு, ஓரத்தை நேராக்காமல், தண்டின் வெளிப்புற நெளிவை அப்படியே விடுவது. தச்சுத் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஓரத்தை வெட்டிப் போட்ட வரலாறுதான். அதற்குக் காரணம் இருந்தது. பட்டைக்கு அடுத்து இருப்பது சாற்றுக்கட்டை. ஆசாரிகள் 'வெள்ளை' என்று ஒதுக்குகிற பகுதி. மரம் தன் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் இடம் அது, அதனால் பூச்சியும் முதலில் அங்கேதான் வரும். வைரம் பாய்ந்த உள்பகுதிதான் நிலைக்கும் கதவுக்கும் ஆகும்.

இரண்டாவது காரணம் கௌரவம். கையால் ரம்பம் இழுத்து, இழைப்புளி போட்ட காலத்தில் நேர்கோடுதான் உழைப்பு. கோணல் யாருக்கும் சும்மா கிடைத்தது. வீட்டில் நேரான பலகை இருந்தால் ஆசாரிக்குக் கூலி கொடுக்க வசதி இருந்தது என்று அர்த்தம். இன்றைக்குத் தலைகீழ். பிளைவுட் ஆலை நேர்கோட்டை இனாமாகக் கொடுக்கிறது. எல்லார் வீட்டு அலமாரியும் நேராக இருக்கும்போது கோணலுக்கு விலை ஏறிவிட்டது. ஆக, லைவ் எட்ஜ் 'இயற்கைக்குத் திரும்புதல்' என்பது பாதி உண்மை. இயந்திரம் இல்லாவிட்டால் இந்த ஆசையே வந்திருக்காது.

இந்த ஓரத்தை ஒரு கலையாக்கியவர் என்று முதலில் சொல்லவேண்டிய பெயர் ஜார்ஜ் நகாஷிமா. 1905-இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். கட்டடக் கலை படித்தவர். டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து அவரை ரேமண்ட் அனுப்பிய இடம் நம் பாண்டிச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதிக் கட்டுமானத்தை 1937 முதல் 1939 வரை அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டவர் நகாஷிமா. ஆசிரமத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் சுந்தரானந்தா. அந்த விடுதிக்குத் தேக்கில் சாமான்களும் வடிவமைத்தார். கோல்கொண்டே இன்றும் இருக்கிறது. கான்கிரீட், காற்றைத் திருப்பும் சட்டங்கள், அலங்காரமே இல்லாத நேர்கோடுகள். கோணல் ஓரத்துக்குப் பெயர்போனவர் முதலில் இருந்து பழகிய இடம் இப்படி ஒரு நேரான இடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர் வந்தது. 1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோவின் மினிடோகா முகாமுக்குப் போனார்கள். அங்கே ஜப்பானில் தொழில் கற்ற கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் கைக்கருவிகளையும் இணைப்பு வேலையையும் கற்றார். கையில் கிடைத்த மிச்ச மரத்தில்தான் வேலை. 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டார். வசதியில்லாத ஆரம்ப நாட்களில் மரவாடியில் மற்றவர்கள் ஒதுக்கிய பலகைகள்தான் அவருக்குக் கட்டுப்படியாயின. வெடிப்பு, கணு, கோணல் ஓரம் எல்லாம் இருந்த பலகைகள்.

அவருடைய 'கோனாய்ட்' பெஞ்சின் படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உட்காரும் பகுதி ஒரே கனத்த வால்நட் பலகை, முன்னோரம் நெளிந்து போகிறது. பின்னால் சாய்வதற்கு ஹிக்கரி மரக் குச்சிகள், அளந்துவைத்த இடைவெளியில் வரிசையாக. ஒன்று மரம் எழுதிய கோடு, மற்றது மனிதன் எழுதியது. அந்தக் குச்சிகளின் ஒழுங்கு இல்லையென்றால் முன்னோரத்தின் நெளிவு நமக்குக் கேட்கவே கேட்காது. தம்புராவின் சுருதி பக்கத்தில் இருப்பதால்தானே கமகம் கமகமாகத் தெரிகிறது? பலகையில் வெடிப்பு இருந்தால் அதை மறைக்கமாட்டார். உடுக்கை மாதிரி, நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த ஒரு கட்டையை வெடிப்புக்குக் குறுக்கே பதிப்பார். பட்டாம்பூச்சிக் கட்டை என்று பெயர். அது வெடிப்பை மேலும் ஓடவிடாமல் பிடிக்கிறது. இங்கே வெடித்திருக்கிறது, இப்படிப் பிடித்திருக்கிறேன் என்று பார்ப்பவரிடம் ஒளிக்காமல் சொல்கிறது.

இந்தச் சமநிலை ஜப்பானியக் கட்டடங்களில் ரொம்பப் பழையது. தொகொனொமா என்கிற மாடம் இருக்கும் அறையில் எல்லாமே செவ்வகம்: பாய், கதவு, சட்டம். மாடத்தின் ஒரே ஒரு தூண் மட்டும் பல வீடுகளில் இழைக்காத தண்டாக, சில இடங்களில் பட்டையோடுகூட நிற்கும். ஒன்றே ஒன்று. அறையில் எல்லாத் தூணும் அப்படி இருந்தால் அது காட்டு பங்களா ஆகிவிடும்.

நகாஷிமாவிடம் எனக்கு எல்லாமே ஒப்புதல் இல்லை. 1981-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே மரத்தின் ஆன்மா வந்துவிடுகிறது. மரத்துக்கு இரண்டாவது வாழ்வு கொடுப்பதாக ஒரு பேச்சு. அவர் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு முகாமும் நாற்பது வருஷ வேலையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு இன்றைக்கு ஒவ்வொரு ஷோரூம் விளம்பரத்திலும் அப்படியே ஓடுகிறது. ஒதுக்கப்பட்ட பலகையில் தொடங்கியவர் 1973-இல் நெல்சன் ராக்ஃபெல்லரின் ஒரே வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட சாமான்கள் செய்து கொடுத்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். எளிமை கோடீஸ்வரர்களின் அடையாளமாக மாறுவதற்கு அவரும் ஒரு வழி திறந்தார்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். 'ரிவர் டேபிள்' என்ற யோசனை பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் வாஷிங்டன் மாநிலத்தின் கிரெக் கிளாசன். 2010-களில் வந்த அவருடைய மேசைகளில் ஆறு எபாக்சி இல்லை. மரக்கரையின் நெளிவுக்கு ஏற்ப வெட்டிப் பதித்த நீலக் கண்ணாடி. கையால் கண்ணாடியை அந்த வளைவுக்கு வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பிறகு எபாக்சி வந்தது. அதை வெட்டவே வேண்டாம், ஊற்றினால் போதும், கரைக்கு அதுவே பொருந்திக்கொள்ளும். யூடியூப் அதைப் பிடித்துக்கொண்டது. ஊற்றுகிற காட்சி பார்க்க அவ்வளவு திருப்தியாக இருக்கிறது. சாப்பிட உட்காருவதற்கு முன்பே படம் எடுப்பதற்காக வடிவம் பெற்ற மேசை இது.

மாமாவின் மேசையில் என்னை உறுத்தியது என்ன என்பது இந்த மேசை எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தபோதுதான் புரிந்தது. பெரும்பாலும் ஒரு பலகையை நடுவில் நீளமாக அறுப்பார்கள். பிறகு இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றி, கோணல் ஓரங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பார்கள். நடுவில் எபாக்சி ஊற்றினால் ஆறு. அதாவது மரத்தின் வெளிப்புறம் மேசைக்கு உள்ளே போய்விடுகிறது. மரத்தின் நடுவில் ரம்பம் போட்ட நேர்கோடு வெளியே வந்துவிடுகிறது. சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி. உட்காருகிறவன் முழங்கை படும் இடத்தில் நேர்கோடு. லைவ் எட்ஜ் என்று காசு கொடுத்து வாங்கின அந்த ஓரத்தை இனி யாருமே தொடமுடியாது, பிளாஸ்டிக்குக்குள் மூழ்கிக் கிடக்கிறது. நகாஷிமாவின் பெஞ்சில் முன்னோரத்தில் விரல் ஓட்டலாம். இதில் மியூசியத்தில் பூச்சியைப் பார்ப்பதுபோலக் கண்ணாடிக்குள் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எபாக்சிக்காரர்கள் தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. ஓட்டை விழுந்த, உளுத்த, அடுப்புக்குப் போகவேண்டிய மரத்தைக்கூட எபாக்சி மேசையாக்குகிறது. சரிதான். அப்படிப்பட்ட மரத்தில் பொந்தை மட்டும் நிரப்பிச் செய்தவற்றில் நான் மதிக்கிற வேலைகள் இருக்கின்றன. ஆனால் முழு உடம்போடு இருக்கும் பலகையை ஆறு ஓடுவதற்காகவே இரண்டாகப் பிளக்கும்போது இந்த வாதம் நிற்காது.

மேட்டிமைத்தனம் கலக்காமல் கேட்கக்கூடிய சில கேள்விகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. நிறத்தையும் பளபளப்பையும் விட்டுவிடுங்கள்.

ஓரம் ஏன் அங்கே இருக்கிறது? கை படும் இடத்திலா, எதிரே ஒரு நேர்கோட்டோடு பேசிக்கொண்டா, அல்லது இருந்ததால் இருக்கிறதா?

பட்டையை என்ன செய்தார்கள்? பட்டையோடு விற்பதைச் சிலர் அசல் என்று நினைக்கிறார்கள். காய்ந்து சுருங்கும்போது பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் பிடிப்பு விட்டுப்போகும், அந்தச் சந்து பூச்சிக்கு வசதி. விவரமானவர்கள் பெரும்பாலும் பட்டையை உரித்து, அதன் கீழே இருக்கும் மேடுபள்ளத்தைக் காப்பாற்றுவார்கள்.

மரம் அசைய இடம் விட்டார்களா? இதுதான் மேசையைக் குனிந்து அடியில் பார்க்கவேண்டிய கேள்வி. மரம் நீளவாக்கில் அனேகமாக மாறாது, குறுக்குவாக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டர் அகலமுள்ள வால்நட் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் கூடிக் குறைந்தால், அகலம் சுமார் 1 செ.மீ. வரை மாறலாம். இரும்புச் சட்டத்தில் வட்டத் துளை போட்டு இறுக்கித் திருகியிருந்தால் மரத்துக்குப் போக இடமில்லை, வெடிக்கும். துளையை நீளமாகப் போட்டிருந்தால் திருகும் கூடவே நகரும். காய வைக்கிற கணக்கும் இதைச் சேர்ந்ததுதான். திறந்த வெளியில் காயவைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மர வியாபாரத்தில் பொதுவான கணக்கு. மூன்றங்குலப் பலகைக்குப் பொறுமை வேண்டும்.

கடைசியாக, முப்பது வருஷம் கழித்து இதைச் சரிசெய்ய முடியுமா? எண்ணெய் போட்ட மரத்தைத் தேய்த்துத் திரும்ப எண்ணெய் போடலாம். எபாக்சி வெயிலில் மஞ்சளாகும், சூடான பாத்திரம் வைத்தால் தடம் பதியும். மரத்துக்கு வயது கூடினால் அழகு கூட வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொல்லும் நீல ஆறு ஒன்று வந்தால், எனக்குப் பிடிக்காவிட்டாலும், அதை மோசம் என்று சொல்லமாட்டேன். அது என் ரசனை, அவ்வளவுதான். ரசனை வேறு, வேலையின் தரம் வேறு என்று பிரித்துச் சொல்ல இந்த அளவுக்காவது முடிகிறது.

இந்த மார்ச்சில் மாமா போன் பண்ணினார். "மேசை வெடிச்சிருச்சுப்பா. ஒரு ஓரத்துல விரல் நீளத்துக்கு." கடையில் கேட்டால், அதிலேயும் எபாக்சி ஊற்றித் தருகிறோம் என்றார்களாம், தனிக் காசு. என்ன மரம் என்று கேட்டேன். "சுவார்னு சொன்னாங்க. இந்தோனேசியாவிலிருந்து வருதாம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவார் என்பது நம் தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்த வியாபாரத்தில் இருக்கும் பெயர். அவர் ஊர் பஸ் ஸ்டாப்பில் நாற்பது வருஷம் நிழல் கொடுத்து, ரோடு அகலப்படுத்தும்போது விறகுக்குப் போன அதே ஜாதி மரம். சொன்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

அடுத்த வாரம் போனேன். தெரிந்த ஆசாரியை அத்தை கூப்பிட்டிருந்தார். மேசையைக் கவிழ்த்துப் போட்டோம். இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டு திருகு, எல்லாமே வட்டத் துளை, இறுக்கமாக. ஆசாரி ஒவ்வொரு துளையையும் குறுக்குவாக்கில் அரத்தால் நீட்டினார். அரை நாள் வேலை. வெடிப்புக்குக் குறுக்கே அடிப்பக்கத்தில் ஒரு சின்ன உடுக்கைக் கட்டை பதித்தார். நகாஷிமா பெயரை நான் எடுக்கவில்லை. கோயில் கதவில் இதைப் பார்த்திருப்பதாக அவரே சொன்னார்.

"மேல வெடிப்பு தெரியுமே, அதை அடைக்கலாமா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். "இருக்கட்டும் மாமா. அந்த மேசையில மரம் மரமா இருக்கிற இடம் அது ஒண்ணுதான்."