கரிசல் மார்கழியும் இரவல் பனிக்காலமும்

மார்கழி வந்தால் போதும், பனிக்காலத்தில் தோட்டத்துப் பறவைகளைக் காப்பது எப்படி என்று ஏதாவது ஒரு கட்டுரை கைபேசிக்கு வந்து சேர்ந்துவிடும். கொழுப்பு உருண்டை கட்டித் தொங்கவிடுங்கள், கிண்ணத்துத் தண்ணீர் உறையாமல் பாருங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும். எங்கள் நாகலாபுரத்தில் மார்கழி விடிகாலையிலும் 20 டிகிரி பக்கம் இருக்கும். தண்ணி எங்கேங்க உறையுது?

அந்த அறிவுரை பிறந்த ஊரில் அது பொய்யில்லை. 1962-63 குளிர்காலத்தில் பிரிட்டனில் நிலம் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தது. 10 கிராம்கூடத் தேறாத ரென் குருவிகளில் பெரும்பகுதி செத்துப்போயின. சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை நீண்ட இரவு முழுக்க எரித்தாக வேண்டும். பூச்சி பனிக்கடியில் மாட்டிக்கொண்டால் இரவைத் தாண்ட வழியில்லை. ஆக, குளிரோடு பட்டினியும் சேர்ந்துதான் கொன்றது.

எழுதுகிறவர்கள் இந்தக் காரணத்தை விட்டுவிட்டு, கொழுப்பு உருண்டையை மட்டும் மொழிபெயர்க்கிறார்கள். என் குறை அதுதான். காரணத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் நம்ம ஊர்க் கேள்வி தானாக எழுந்திருக்கும்: இங்கே குருவியின் இரையை அடைப்பது எது?

அடைமழை. பூச்சி பறக்காது, கரிச்சானும் பஞ்சுருட்டானும் கம்பியில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும். இறகு ஊறிவிட்டால் 22 டிகிரியும் குளிர்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, எங்கள் பக்கத்துக் கரிசல் காடுகளிலும் தண்ணீர் நின்றது. பயிருக்கும் ஆடுமாட்டுக்கும் கணக்கு எடுத்தார்கள். தேன்சிட்டுக்கு யார் எடுப்பா?

இன்னொன்றும் உண்டு. மத்திய ஆசியக் குளிருக்குத் தப்பி வரும் சூறைக்குருவிகள் நம்ம சோளக்காட்டில் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. அவற்றுக்கு நம் மார்கழியே அடைக்கலம்.

அதனால் கடலையைக் கட்டித் தொங்கவிடுவதைவிட, மஞ்சணத்தியையும் உடைமரத்தையும் வேலிப்புதரையும் வெட்டாமல் விடுவது மேல். மழைக்கு ஒதுங்க இடமும், வெறித்ததும் பொறுக்கப் பூச்சியும் அங்கேதான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில், 'குப்பை விழுது' என்று பழைய மஞ்சணத்தியைச் சாய்த்துவிட்டார்கள். இப்போது அதே வீட்டு மாடியில், சிரட்டையில் கம்பு தொங்குகிறது. மனசு நல்ல மனசுதான். படித்ததுதான் வேறு ஊர்க் கதை.