ஒருசந்தியும் சுத்தபோசனமும்: தபசுகால நோன்பு பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

வல்வெட்டித்துறை போன்றதொரு கரையோரச் சைவ ஊரில் விரதம் என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. விரத நாளில் வீட்டில் மச்சம் சமைக்கப்படமாட்டாது. மச்சம் புழங்கிய சட்டியும் அடுப்பில் ஏறாது. கடலை நம்பி வாழும் குடும்பங்களே கடல் தரும் உணவை அன்று விலக்கிவைக்கின்றன. இவ்வழக்கத்தில் வளர்ந்த ஒருவர், பருத்தித்துறைப் பக்கத்திலோ குடாநாட்டின் பிற கரைகளிலோ வாழும் கத்தோலிக்கரின் தபசுகால நோன்பை நோக்கும்போது ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கிறார். திருச்சபைச் சட்டப்படி தபசுகால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கப்பட்டுள்ளது, மீன் விலக்கப்படவில்லை. ‘மீனைத் தின்றுகொண்டு என்ன விரதம்?’ என்ற கேள்வி நட்பாகவும் ஏளனமாகவும் எழுவதுண்டு. கேள்வி நியாயமானதே. அதற்குக் கத்தோலிக்கர் வழக்கமாகக் கூறும் விடைகள் போதியனவா என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

வழக்கமான விடைகளுள் மிகப் பலவீனமானது, நோன்பு உடல்நலத்துக்கு உகந்தது என்பது. வைத்தியர் சொல்லக்கூடியதைச் சொல்வதற்குச் சமயம் வேண்டியதில்லை. எனவே அதனை விட்டுவிடலாம். வலிமையான விடை அக்குவினா தோமையாருடையது (1225–1274). தமது ‘இறையியல் தொகுப்பில்’ அவர் நோன்புக்கு மூன்று காரணங்கள் காட்டுகிறார்: உடலின் இச்சையை அடக்குதல், மனத்தை மேலான பொருள்களின்பால் உயர்த்துதல், பாவத்துக்குப் பரிகாரஞ் செய்தல். மூன்றும் ஏற்கத்தக்கனவே, அவற்றை ஒரு சைவரும் தயக்கமின்றி ஏற்பார். ஆனால் இறைச்சியை மட்டும் ஏன் விலக்கவேண்டும் என்ற இடத்தில், ஏனைய உணவிலும் அதுவே மிகுந்த இன்பமும் ஊட்டமும் தருவது என்கிறார் தோமையார். மீன் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழின் சுவையை அறிந்த எவரும் இவ்விளக்கத்தை ஒப்புக்கொள்ளார். ஐரோப்பியச் சமையலறையை மனத்திற் கொண்டு கூறப்பட்ட நியாயம் வடமராட்சிக் கரையில் செல்லுபடியாவதில்லை.

குழப்பத்துக்கு நமது மொழியும் ஒரு காரணம். தமிழ்க் கத்தோலிக்கர் நோன்பை இரு சொற்களால் வழங்குவர். ஒருநாளில் ஒரு முழு உணவு மட்டும் கொள்வது ஒருசந்தி; இறைச்சியை விலக்குவது சுத்தபோசனம். ஒருசந்தி என்பது சைவரும் கையாண்ட பழஞ்சொல், செய்யும் காரியத்தை நேரே சுட்டுவது, அதில் குறையில்லை. சுத்தபோசனம் அவ்வாறன்று. இச்சொல் ஓர் உணவைத் தூயதாகவும் மற்றொன்றைத் தீட்டுடையதாகவும் எண்ணச் செய்கிறது. நற்செய்தியோ இதற்கு மாறாக நிற்கிறது: வெளியிலிருந்து மனிதனுக்குள் செல்வது எதுவும் அவனைத் தீட்டுப்படுத்தாது என்பதே மாற்கு ஏழாம் அதிகாரத்தின் போதனை. கத்தோலிக்கர் இறைச்சியை விலக்குவது அது அசுத்தமானது என்பதனால் அன்று, நல்லது என்பதனாலேயே. தீயதொன்றை விடுவதில் தியாகம் எதுவுமில்லையன்றோ? ஆயினும், சைவ விரதத்தின் தூய்மைக் கருத்தைச் சுமந்த சொல் ஒன்றை எடுத்துக்கொண்ட பின்னர், ‘சுத்தபோசனத்தில் மீன் எப்படி வந்தது?’ என்று அயலவர் கேட்டால் அவரைக் குறைகூற முடியாது.

விபூதிப் புதனும் இத்தகையதே. சைவருக்குத் திருநீறு நாள்தோறும் அணியும் அருட்சின்னம். கத்தோலிக்கர் ஆண்டுக்கொருமுறை, முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைப் பூசிக்கொள்கின்றனர். மண்ணிலிருந்து வந்தவர் மண்ணுக்கே திரும்புவர் என்ற நினைவூட்டலுடன் அது இடப்படுகிறது. சொல் ஒன்று, கருத்து வேறு.

அவ்வாறாயின் நோன்பின் வேர் யாது? மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தில், உம்முடைய சீடர் ஏன் நோன்பிருப்பதில்லை என்று இயேசுவிடம் கேட்கின்றனர். மணமகன் உடனிருக்கையில் மணவீட்டார் துக்கங் கொண்டாட முடியாது, அவர் எடுக்கப்படும் நாளில் நோன்பிருப்பர் என்பது அவர் விடை. இங்கு துக்கமும் நோன்பும் ஒரே பொருளில் நிற்பது மனங்கொளத்தக்கது. உரியவரை இழந்த வீட்டில் உணவு இறங்காது. நோன்பின் முதற்பொருள் அதுவே. தொடக்க காலத் திருச்சபையின் ‘டிடாக்கே’ என்னும் சிறுநூல் புதனையும் வெள்ளியையும் நோன்பு நாள்களாக விதிக்கிறது. புதன் காட்டிக்கொடுக்கப்பட்ட நாள் என்றும் வெள்ளி சிலுவை நாள் என்றும் பின்வந்தோர் விளக்கினர். நாற்பது நாள் என்ற வழக்கு 325ஆம் ஆண்டு நைசியாச் சங்கத்தின் விதியொன்றிலேயே குறிப்பிடப்படுகிறது. விபூதிப் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள்கள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தாலே கணக்கு நேராகும். ஞாயிறு உயிர்ப்பின் நாளாதலால் அன்று நோன்பில்லை. நமது வாதத்துக்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. இச்சையை அடக்குவது மட்டுமே நோக்கமாயின் ஞாயிறன்று அதனை ஏன் தளர்த்தவேண்டும்? இச்சைக்கு வாரவிடுமுறை இல்லை. இழந்தவர் திரும்பிவந்தார் என்று நினைக்கும் நாளில் துக்கம் காப்பது பொருந்தாது என்பதனாலேயே ஞாயிறு விலக்குப் பெற்றது.

தமிழ்க் கத்தோலிக்கரின் கலைச்சொற்கள் மறைத்த இவ்வுண்மையை அவர்களது இலக்கியம் மறைக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்துசேரும் வரை இங்கு குருக்கள் இல்லை. அவரது வழியில் 1705இல் கோவையிலிருந்து வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742). அவர் இயற்றிய ‘வியாகுல பிரசங்கம்’ தபசுகாலத்தில் ஊர்கூடி இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. உரைநடை நூல்தான், ஆயினும் ஒப்பாரியின் இழுவையோடு அதனைக் கேட்பவர் அதனை உரைநடை என்று நினையார். வடமொழிச் சொற்கள் மலிந்த அதன் நடையைக் கடினம் என்று இன்றைய மாணவர் ஒதுக்கிவிடுவர். அவர்கள் அதனைக் கண்ணால் வாசிக்கின்றனர் என்பதே குறை. அது காதுக்கென எழுந்த நூல். பசித்த வயிற்றோடு இருளில் அமர்ந்து ஒரு தாயின் புலம்பலைக் கேட்ட மக்களுக்கு, ஏன் நோன்பிருக்கிறோம் என்ற கேள்வி எழுந்திருக்க நியாயமில்லை.

ஆகவே, வல்வெட்டித்துறையில் தபசுகாலத்துக்கு ஒப்புமை தேடுபவர் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியின் கந்தசஷ்டியை நாடுவது முதற்பார்வையில் இயல்பே. நாள்பல நீளும் நோன்பு, முடிவில் வெற்றிவிழா என்ற வடிவம் இரண்டிலும் உண்டு. எனினும் உணர்வால் நெருங்கியது சித்திரா பௌர்ணமியே என்பது எமது துணிபு. தாயை இழந்தவர் அன்றும், தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும் பிடிக்கும் விரதம், இல்லாத ஒருவரை நினைந்து உணவைச் சுருக்கும் விரதம். வேறுபாடும் உண்டு. பிதிர் விரதம் இறந்தவரின் நற்கதிக்காக நோற்கப்படுவது. தபசுகால நோன்பில் நோற்பவரே தமது மீட்பை வேண்டிநிற்கிறார்.

இம்மண்ணில் உண்ணாதிருத்தலுக்கு வேறொரு பொருளும் ஏற்பட்டது. 1987இல் நல்லூரில் திலீபனும் 1988இல் மட்டக்களப்பில் பூபதி அம்மையாரும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தனர். அது பிறரை நோக்கிய கோரிக்கை. தபசுகால நோன்புக்கு எதிராளி இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பிறர் உண்டு. நுகத்தின் பிணைகளை அவிழ்ப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே நோன்பு என்கிறது எசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம். பாப்பரசர் பெரிய லியோவும் (440–461) நோன்பில் மிஞ்சியது ஏழைக்குரியது என்று தமது மறையுரைகளில் வற்புறுத்தினார். அன்னதானக் கந்தன் எனப் பெயர்பெற்ற சந்நிதியானின் அயலில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1966ஆம் ஆண்டு பெப்ரவரி 17இல் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைப் பெரிதும் தளர்த்தினார். கடமையான ஒருசந்தி விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமாகச் சுருங்கியது. விதி குறைந்தமைக்காக வருந்துவோர் உளர், நாம் வருந்தவில்லை. வெள்ளிக்கிழமையில் இறாலும் நண்டும் விருந்தாகச் சமைத்துவிட்டுச் சட்டத்தைக் காத்ததாக நினைக்கும் மனப்பான்மையே வருத்தத்துக்குரியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1251ஆம் விதி, இறைச்சிக்குப் பதிலாக வேறோர் உணவை விலக்கும்படி பணிக்கும் உரிமையை ஆயர் பேரவைகளுக்கு அளித்துள்ளது. கரையோர மக்களுக்கு அவ்வுணவு மீனாகவே இருத்தல் பொருந்தும். சட்டம் கேளாமலே தபசுகாலத்தில் மச்சச் சட்டியைக் கவிழ்த்துவைக்கும் கத்தோலிக்கத் தாய்மார் யாழ்ப்பாணத்தில் உளர். அயலிலுள்ள சைவ வீட்டைப் பார்த்துப் பழகிய வழக்கம் என்று அதனைச் சில குருமார் குறைத்து மதிப்பிடக்கூடும். தம் வீட்டில் எதனை விட்டால் இழப்புத் தோன்றும் என்பதை அத்தாய்மார் தோமையாரினும் நன்கு அறிந்திருந்தனர்.